ஈர மணலில் கட்டாதீர்கள்

காரிலிருந்து எல்லாவற்றையும் இறக்கியாயிற்று. கூடாரம், அடுப்பு, இரண்டு பாய், தண்ணீர்க் கேன், டார்ச், மண்வெட்டி, ஒரு கட்டுப் புது நீலக் கயிறு, முழ நீளத்தில் ஒரு பலகை. பெரியவருடைய தீனிப் பையை மட்டும் காணோம்.

பெரியவர் என்பது நாய். பதினான்கு வயது, ஒரு கண்ணில் முழுக்கப் புரை, பின்னங்கால்கள் இரண்டும் தள்ளாட்டம். வேடிக்கைக்காக மரியாதை கொடுத்துக் கூப்பிட ஆரம்பித்தது அப்படியே நின்றுவிட்டது. கல்யாணமான புதிதில் சண்டை போட்டுவிட்டு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருக்கும்போது, "பெரியவர் சாப்டாரா?" என்றுதான் இருவரில் ஒருவர் பேச்சைத் தொடங்குவார். திங்கட்கிழமை புது வீட்டுக்குக் குடிபோகிறார்கள். ஏழாவது மாடி. அங்கே நாய்க்கு அனுமதியில்லை.

"தீனிப் பை எங்க?" என்றாள் அவள்.

"மறந்துட்டேன்," என்றான் கணவன், நாக்கூசாமல்.

லிஃப்ட் பழுது பார்ப்பவன். ஒரு திருகாணியைக்கூட மறக்காதவன். அவள் பாயை உதறி விரிக்கப் போனாள்.

கடலுக்கும் உப்புநீர்க் கழிக்கும் நடுவே அரைஞாண் கயிறு போல நீண்டு கிடந்தது அந்த மணல்தீவு. பாலம் தாண்டியதும் வாலாட்டும் நாயின் படம் போட்ட பலகை: செல்லப் பிராணிகளுடன் தங்கலாம். காவலாளி நோட்டில் ஆள் இரண்டு, நாய் ஒன்று என்று எழுதிக்கொண்டார். "நாயைக் கட்டறதுன்னா மேல, காஞ்ச மணல்ல கட்டுங்க சார். ஈர மணல்ல கட்டாதீங்க."

"ஏன், அலை வந்துருமா?"

"அலை வரும், போகும்." நிமிராமலே சொன்னார். "திரும்பிப் போறப்ப நாய் எங்கேன்னு நான் கேக்கறதில்ல. அது உங்க பாடு. ஈர மணல் மட்டும் வேணாம்."

கணவன் சிரித்துக்கொண்டே கண்ணாடியை ஏற்றிவிட்டான். அவள்தான் திரும்பித் திரும்பிக் காவலாளியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வந்து சேர்ந்து ஒரு மணி நேரமாகிவிட்டது. நாய்களுக்கென்றே பேர்போன கடற்கரையில், அழுகிய பாசியும் நனைந்த ரோமமும் கலந்த ஒரு வாடை மட்டும் காற்றில் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வேறு கூடாரம் இல்லை, ஒரு குரைப்புச் சத்தம் இல்லை, மணலில் காலடிகள் மட்டும் கணக்கில்லாமல் இருந்தன, எல்லாம் நாய்க் காலடிகள், எல்லாம் கடலிலிருந்து மேலே ஏறி வருபவை. ஒன்றுகூடக் கடலை நோக்கிப் போகவில்லை. பெரியவர் அவற்றில் ஒன்றை முகர்ந்து பார்த்துவிட்டு அவள் காலுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டார்.

பொழுது சாயும் நேரத்தில் பெரியவருக்கு ஒரு பழக்கம் உண்டு. தன் கயிற்றின் பிடியை வாயில் கவ்விக்கொண்டு வந்து அவள் பாதத்தில் வைப்பார். கழுத்தை ஒருமுறை உதறுவார். மணி கிணிங் என்னும். நடக்கக் கூட்டிப் போ என்று அர்த்தம். அன்றைக்கும் வைத்தார், கணவன் பிடி முடிந்து மாட்டிவிட்ட புது நீலக் கயிறாக இருந்தாலும்.

கணவன் குனிந்து அதை எடுத்துக்கொண்டான். "நான் கூட்டிட்டுப் போறேன். நீ டீ போடு."

மறு கையில் மண்வெட்டி. கக்கத்தில் பலகை.

உலாவப் போகிறவனுக்குப் பலகை எதற்கு? அவளுக்குத் தெரியும். ஆழத்தில் கிடையாகப் புதைத்துவிட்டால் மணலில் அதைவிடப் பலமான முளை கிடையாது. அதிலும் ஈர மணல் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அவன் போட்ட முடிச்சு எதுவும் இதுவரை அவிழ்ந்ததில்லை.

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். காலையில் வீட்டைப் பூட்டும்போது தீனிப் பை அடுக்களை மேடையில் இருந்ததை அவள் பார்த்தாள். கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் பிறர் பார்வையைச் சோதிப்பவளுக்கு அது தெரியாமல் போகுமா? பார்த்தாள். விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். சீ, என்ன பிறவி நான் என்று இப்போது இருந்தது. ஓடிப்போய்க் கயிற்றைப் பிடுங்கிக்கொள்ள இன்னும் நேரமிருந்தது. தண்ணீர் கொதித்தது. தூரத்தில் ஒரு குரைப்பு கேட்டது. எழுந்தாள். ஏழாவது மாடி நினைவுக்கு வந்தது. உட்கார்ந்து டீத்தூளைப் போட்டாள்.

அவன் திரும்பி வந்தபோது சூரியன் மறைந்திருந்தது. மண்வெட்டியில் ஈர மணல். கையில் கயிறு இல்லை.

"எங்க அவர்?"

"ஓடிட்டார்."

"அந்தக் காலை வச்சுக்கிட்டா?"

"ஆமா. போதுமா? டீயைக் குடு."

கொடுத்தாள். குடித்தார்கள். கடல் ஏறிவரும் சத்தம் கூடாரத் துணி வழியே கேட்டது. குரைப்பு இரண்டு முறை வந்தது. மூன்றாவது பாதியில் நின்றது. அவன் டீயை ஊதி ஊதிக் குடித்தான். அவள் அழுதாள், சத்தம் வராமல்.

அப்புறம் மணிச் சத்தம்.

கிணிங்.

"அவரேதான்!" அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். "ஏங்க, வந்துட்டார்!"

"அவுந்திருக்காதே," என்றான் அவன். வாய் தவறி வந்துவிட்டது. முகம் வெளுத்துப் போயிற்று. "எப்படி அவுந்துச்சு?"

டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனான். ஜிப்பை மூடிவிட்டுப் போனான். கூடாரத் துணியில் வெளிச்சம் தள்ளித் தள்ளிப் போயிற்று. நின்றது. "போ. போன்னா!" என்றான். அப்புறம் யாரிடமோ, மெல்ல, "எத்தனை இருக்கு இங்க?"

 வெளிச்சம் மறுபடி நகர்ந்தது. அவசரமில்லாமல், நாயோடு உலாவுகிறவன் போல, கொஞ்சம் நின்று, கொஞ்சம் இழுபட்டு. கடலை நோக்கி.

"ஏங்க?"

குரலை உயர்த்தி இன்னொரு முறை கூப்பிட்டாள்.

பிறகு மணலில் எதுவோ இழுபடும் சத்தம். கனமாக. பலகை. அது கூடாரத்தைச் சுற்றி வந்து வாசலில் நின்றது. நனைந்த ரோமத்தின் வாடை. ஜிப்பின் கீழ் ஓரம் தூக்கிக்கொண்டது. எத்தனையோ முறை அடுக்களைக் கதவை அப்படித்தான் மூக்கால் நெம்பியிருக்கிறார் பெரியவர்.

நீலக் கயிற்றின் பிடி உள்ளே வந்தது. அவள் பாதத்தில் விழுந்தது.

ஈரம். சில்லென்று.

"பெரியவரே," என்றாள். "மன்னிச்சிருங்க. பசிக்குதா?"

மணி அடிக்கவில்லை. அதன் பக்கத்தில் இன்னொரு கயிறு வந்து விழுந்தது. சிவப்பு. பாசி பிடித்தது. இன்னொன்று. இற்றுப்போன தோல் வார். இன்னொன்று. சங்கிலி, துருவேறி, சிப்பி ஒட்டியது. ஒவ்வொன்றும் பதவிசாக, அவள் காலடியில். துணிக்கு வெளியே மூச்சுச் சத்தமே இல்லை. ஆனால் கூடாரத்தின் நான்கு பக்கமும் உள்நோக்கி அழுந்தின. மூக்கு உயரத்தில்.

ஜிப்பை விலக்கினாள்.

கடற்கரையில் ஒன்றுமில்லை. கயிறுகள் மட்டும். இந்த முனை அவள் பாதத்தில், அந்த முனை அலைக்குள். எல்லாம் விறைப்பாக.

தூரத்தில் டார்ச் எரிந்துகொண்டிருந்தது. தண்ணீருக்கு அடியில். ஒரு மனிதனின் கை உயரத்தில். நடக்கும் வேகத்தில் அது போய்க்கொண்டே இருந்தது. கொஞ்சம் நின்றது, கொஞ்சம் இழுபட்டது, மேலும் ஆழத்துக்கு.

அவள் காலுக்குப் பக்கத்தில், மிக அருகில், யாரோ கழுத்தை உதறினார்கள்.

கிணிங்.

கை அதுவாகவே குனிந்து நீலக் கயிற்றை எடுத்தது. பதினான்கு வருஷப் பழக்கம். பிடி மணிக்கட்டில் சரியாக ஏறி உட்கார்ந்தது.

மற்ற கயிறுகளும் ஒவ்வொன்றாக மணலைவிட்டு எழுந்தன.