இருபத்திரண்டு வீட்டுப் புண்

பங்குனி மாதத்து மத்தியானம் ஒன்றில் ஏரம்புவின் காற்புண்ணில் ஈ உட்காரவில்லை.

ஒட்டுசுட்டானுக்கு அப்பால் குளத்துக் குடியேற்றத்தில் இருந்த இருபத்திரண்டு வீட்டாருக்கும் இது சின்னச் செய்தி இல்லை. காடு வெட்டிய வருடம் இடி விழுந்து பாலைமரம் வெடித்தபோது அதன் சிராய் ஒன்று அவருடைய முழங்காலுக்குக் கீழே ஏறியது. அன்று தொடங்கிய புண், கோடை இடிமழைக்கு இரண்டு மணித்தியாலம் முன்னால் ஒழுகும். தூறலென்றால் நீர்போல, பெருமழையென்றால் மஞ்சள் கட்டியாக, புளித்த கஞ்சி நாற்றத்தோடு. வானொலி பலமுறை பிழைவிட்டிருக்கிறது, புண் ஒருமுறையும் இல்லை. மாங்குளத்து அப்போத்திக்கரி மருந்து கட்ட இரண்டு தரம் சைக்கிளில் வந்தார். இரண்டு தரமும் ஊரே கூடி, தேத்தண்ணி கொடுத்து, மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டது.

இன்று அந்தப் புண்ணின்மேல் புதுத்தோல் மூடியிருந்தது. நாலு வருடத்துக்குப் பிறகு தன் கால் தனக்கே கிடைத்துவிட்டதென்று ஏரம்புவுக்கு அழுகை வந்தது.

பக்கத்துக் காணித் தில்லைநாதன் வந்து குந்தியிருந்து, மூக்கை வைத்து மணந்து பார்த்தான்.

"ஏரம்பண்ணை, சொட்டும் இல்லையே."

"ஓம் தம்பி. மாறுது போல."

"மாறினா மாறட்டும். இண்டைக்கு மழை இல்லைத்தானே? எல்லாற்றை நெல்லையும் களத்திலை பிரிச்சுப் போடப் போறம். நனைஞ்சால் வருஷம் முழுக்கப் பட்டினி."

"இல்லை," என்றார் ஏரம்பு. சந்தோசத்தில் மனிதன் எதையும் சொல்லிவிடுவான்.

ஒரு மணித்தியாலத்தில் தோல் வீங்கியது. வெளியே வானம் கழுவிக் கவிழ்த்த கோப்பைபோலக் கிடக்க, குசினியோரப் பாயில் படுத்திருந்தவருக்கு முதலில் நனைந்த மண்ணின் வாசனை வந்தது. அதன் அடியிலிருந்து செத்த எலியின் நாற்றம். அதற்கும் அடியில், எலும்புக்குள்ளே யாரோ பெட்டகத்தை இழுப்பதுபோல ஓர் உருளல். தோல் கறுத்தது. கறுப்பு மெல்ல நகர்ந்தது, முகில்போல.

உள்ளே ஒரு வெளிச்சம் வெட்டியது. எலும்பு தெரிந்தது.

மனைவி இராசேஸ்வரி ஓடிவந்து பெருவிரலால் அமத்தினாள். தோல் பிய்ந்தது. சீழோடு ஓர் ஆலங்கட்டி அவளுடைய உள்ளங்கையில் விழுந்தது. குளிர். மஞ்சள். நடுவில் ஒரு மயிர்.

அதே நொடியில் வெளியே தகரத்தில் ஒரு துளி விழுந்தது.

இரண்டாவது கட்டி. இரண்டாவது துளி.

அவளுடைய கூச்சலுக்கு ஓடிவந்த தில்லைநாதன் புண்ணைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். விளங்கிக்கொண்டான்.

"அப்போத்திக்கரியைக் கூப்பிடு தம்பி," என்றார் ஏரம்பு.

"கூப்பிடுவம் அண்ணை. மாடு விட்டுச் சூடு மிதிச்சு நெல்லெடுத்து முடியட்டும்." மாட்டுக்கயிற்றை அவிழ்த்தான். "ஆர் காலைப் பிடிக்கிறது?"

இராசேஸ்வரி பிடித்தாள். "இஞ்சாருங்கோ, கொஞ்சம் பொறுங்கோ. எங்கடை நெல்லும் அதிலைதான் கிடக்கு."

புண்ணில் சாக்கை மடித்து வைத்தார்கள். கட்டினார்கள். இறுக்கினார்கள். துளி நின்றது.

உருளல் முழங்காலைத் தாண்டியது. தொடை. வயிறு.

களத்தில் நல்ல வெயில். மாடுகளை வளைக்கும் "பொலி, பொலி" கேட்டது. பாயில் ஏரம்பு மல்லாந்து கிடந்தார். மின்ன மின்ன விலா எலும்புகள் தோலுக்குள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. வாய் நிறைந்தது. கடைவாயால் மஞ்சள் நீர் வழியத் தொடங்கியபோது, இராசேஸ்வரி சேலைத் தலைப்பைச் சுருட்டி, அதையும் அடைத்தாள்.