மீட்டர் நகர்ந்த காலை

ஆறு பத்துக்கு எழுந்தான் தோ ஜுன். முகம் கழுவினான். நேற்றைய சோற்றை சூப்பில் போட்டு நின்றபடியே தின்றான். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தான்.

ஏழு மணிக்கு, முன்பு குடியிருந்த வீட்டின் முன்னால் நின்றான். நாலாவது மாடி வீட்டின் கேஸ் மீட்டர் கீழே வெளிச்சுவரில் இருந்தது. போனில் படம் எடுத்தான்.

நாற்பத்தோரு நாளாக அதே எண். 2417.

இன்று...

2423!

ஜுன் நாலாவது மாடியை அண்ணாந்து பார்த்தான்.

யாரோ உள்ளே இருக்கிறார்கள். தரையைச் சூடாக்கும் பாய்லரைப் போட்டிருக்கிறார்கள்... அந்த பாய்லரை!

படிகளில் பாய்ந்தான். கதவைத் தட்டினான். பதில் இல்லை. பூட்டில் பழைய எண்களை அழுத்தினான். திறந்தது!

ஓடிப்போய் ஜன்னல்களைத் திறந்தான். திரும்பிப் பார்த்தான்.

விலைச்சீட்டுகூடக் கிழிக்காத புதுப் போர்வை. அதற்குள் வீட்டுக்காரர் பியோ கிசோக். முகம் செக்கச்செவேல் என்றிருந்தது.

உயிர் இல்லை!

அரை மணியில் இன்ஸ்பெக்டர் ஹான் வந்தார்.

"அவருக்கும் உங்களுக்கும் என்ன தகராறு?"

"வாடகை, சார். ரெண்டு வருஷம் முடிஞ்சா இன்னொரு ரெண்டு வருஷம் இருக்க எங்களுக்கு உரிமை உண்டு. அஞ்சு சதவீதத்துக்கு மேல ஏத்தக் கூடாது. அவர் முப்பது கேட்டார். முடியாதுன்னோம்."

"அதுக்கு?"

"'நானே குடி வரப்போறேன், காலி பண்ணு'ன்னார். வீட்டுக்காரரே குடி வந்தா நாங்க போய்த்தான் ஆகணும். சட்டத்துல அவருக்கு இருந்த ஓட்டை அதுதான்."

"வந்தாரா?"

"கேஸ் மீட்டர் நகரவே இல்ல. தினம் படம் எடுத்தேன். அந்தப் படங்களை வெச்சு வாடகைத் தகராறு மன்றத்துல மனு போட்டேன். இன்னிக்குப் பத்து மணிக்கு நேர்ல பாக்க வர்றாங்க."

ஹான் சிரித்தார்.

"அதான் புதுப் போர்வை, உறை பிரிக்காத டூத்பிரஷ்! ஒரே ராத்திரில குடித்தனக்காரர் ஆயிட்டார். மதியம் வீடு பாக்க ஆள் கூட்டிட்டு வர்றதா அவர் போன்ல புரோக்கர் மெசேஜ் வேற இருக்கு!"

பால்கனிக்குப் போனார். புகைக்குழாய் பாய்லரிலிருந்து கழன்று தொங்கியது.

அவர் குரல் மாறியது.

"தம்பி... கதவு நம்பர் உங்களுக்குத் தெரியும். ஆய்வுக்கு முன்னாடி அவர் இங்க வந்து படுப்பார்னும் தெரியும். கழட்டினது நீங்கதானே?"

ஜுன் போனை நீட்டினான். பாய்லரைப் பற்றி அனுப்பிய பதினோரு புகார்கள். பியோவின் கடைசிப் பதிலை ஹான் உரக்கப் படித்தார்.

"'அஞ்சு சதவீத வாடகைக்கு அஞ்சு சதவீத ரிப்பேர்தான். ஜன்னலைத் திறந்து வெச்சுத் தூங்கு!'"

"அப்படித்தான் சார் தூங்கினோம். ஜனவரியில."

"தூங்கினோமா? இன்னொருத்தர் யாரு?"

"என் பொண்டாட்டி சோரா."

"அவங்களையும் விசாரிக்கணும். வரச் சொல்லுங்க."

"முடியாது சார். காலி பண்ண அன்னிக்குப் படியெல்லாம் ஐஸ். பெட்டியோட வழுக்கி விழுந்தா. அதுக்கப்புறம் கண்ணே திறக்காமப் போயிட்டா."

ஹானின் பேனா நின்றது.

"சார்!" உள்ளேயிருந்து கான்ஸ்டபிளின் குரல். "செத்தவரோட கோட்டுப் பையில இது இருந்தது!"

கசக்கிய மஞ்சள் காகிதம். ஓரத்தில் கிழிந்த டேப். ஹான் பிரித்தார்.

'பியோ ஐயா, பாய்லரைத் தயவுசெய்து போடாதீர்கள். புகைக்குழாய் கழன்றுவிட்டது. விஷப்புகை உள்ளே வரும்.'

"பாய்லர் மேல ஒட்டியிருந்தது, சார்," என்றான் கான்ஸ்டபிள். "டேப் மிச்சம் அங்கேயே இருக்கு."

"வீடு பாக்க வர்றவங்க கண்ணுல படக் கூடாதுன்னு அவரே கிழிச்சிருக்கார்!" ஹான் நெற்றியைத் தேய்த்தார். "உங்க ட்ராமான்னு நினைச்சிருப்பார்... யார் கையெழுத்து இது?"

"சோராவோடது. பெட்டியைத் தூக்கறதுக்கு முன்னாடி ஒட்டினா."

"துரத்தினவருக்கா? எதுக்கு?"

"நானும் அதையேதான் கேட்டேன். 'அந்த ஆள் வரவே மாட்டான், யாருக்கு எழுதறே'ன்னு."

"என்ன சொன்னாங்க?"

ஜுன் படிகளைப் பார்த்தான். முதல் படியில் கால் வைத்தபடி அவள் சொன்னது. அதற்குப் பிறகு அவள் எதுவும் பேசவில்லை.

"'யார் கண்டா... ஆயுசுல ஒரு தடவையாவது அந்த ஆள் நிஜம் சொல்லித் தொலைச்சிருந்தா?'"