நாலாவது வாக்கியம்

ஞானஜோதி டீச்சர் வகுப்புக்கு வந்தால் முதலில் ஒரு சிறு ஜெபம். அப்புறம்தான் பாடம். பாளையங்கோட்டையிலிருந்து விஸ்வநத்தம் மிஷன் பள்ளிக்கு அவர் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அன்று ஐந்தாம் வகுப்புக்கு இங்கிலீஷ்.

“இங்கிலீஷ்ல வாக்கியம் நாலு வகை. ‘திஸ் இஸ் எ டோர்.’ இது கதவுன்னு செய்தி சொல்றோம். ‘வாட் இஸ் திஸ்?’ இது கேள்வி. ‘ஓபன் தி டோர்.’ கதவைத் திறன்னு கட்டளை போடறோம்.”

கடைசி பெஞ்சு வெள்ளைத்துரை எழுந்துபோய்க் கதவை அகலத் திறந்தான்.

“உன்னைச் சொல்லலப்பா, உட்காரு” என்று டீச்சர் சிரித்தார். “நாலாவது, உணர்ச்சி வாக்கியம். குரல்லயே உணர்ச்சி தெரியணும். கேளுங்க.”

புத்தகத்தைப் பார்த்து உரக்க வாசித்தார்: “ஃபயர்! ஃபயர்!”

மறுநொடி வகுப்பே காலி. சிலேட்டுகள் போட்டது போட்டபடி கிடந்தன. பிள்ளைகள் எல்லாரும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்த ஒரு சொல் தெரியும். ஊரைச் சுற்றியுள்ள பட்டாசுக் கம்பெனிகளில் மணல் நிரப்பிய சிவப்பு வாளிகளின்மேல் எழுதியிருக்கும் சொல் அது. யாராவது அதைச் சத்தமாகச் சொன்னால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே ஓட வேண்டும். நடக்கப் பழகும்போதே அம்மாக்கள் சொல்லிக்கொடுத்த பாடம்.

செல்லத்தாய் மட்டும் ஓடவில்லை. காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் கிடந்தாள். வாசல்வரை ஓடிய அவள் தோழி வேலுத்தாய், அவளைக் காணாமல் திரும்பி வந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

“வாட்டி வெளிய! நீயில்லாம நான் போகமாட்டேன்!”

“ஐயோ, தீ எங்கயும் இல்லம்மா. புத்தகத்துலதான்!” என்றார் டீச்சர்.

மரத்தடியில் ஒரே சிரிப்பு. “நல்லவேளை டீச்சர், முதல்லயே கதவைத் திறக்கச் சொன்னீக!” என்றான் வெள்ளைத்துரை.

செல்லத்தாய் சிரிக்கவில்லை. அவள் அப்பா ரத்தினசாமி வேலைபார்த்த பட்டாசு ஷெட்டில் போன வருஷம் தீப்பிடித்தது. அவர் பிழைத்துக்கொண்டார். வலது கையில் தழும்பு இருக்கிறது.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் அவள் சொன்னாள்: “நாளைலருந்து நான் வரலட்டி. அம்மாகூடத் தீப்பெட்டி ஒட்டப் போறேன்.”

“ஏட்டி, வியாழக்கிழமை ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வாராருல்ல?”

“அதுக்குத்தான் சொல்லுதேன். அவரும் அதையே வாசிப்பாரு. நான் பெஞ்சுக்கு அடில போயிருவேன். எல்லாரும் சிரிப்பாக.”

செல்லத்தாய் இல்லாத பெஞ்சை வேலுத்தாயால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. திடீரென்று நின்றாள்.

“நீ சந்தோசத்துல எப்பவாச்சும் கத்திருக்கியாட்டி?”

செல்லத்தாய் யோசித்தாள். “தீவாளிக்குக் கத்துனேன். எங்கப்பா செஞ்ச புஸ்வாணத்த விட்டாக. வேப்பமர உசரத்துக்குப் பூவா கொட்டுச்சு. ‘அடேயப்பா, எம்புட்டு உசரம் போகுது!’ன்னேன்.”

சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்துவிட்டது.

மறுநாள் காலை, வரமாட்டேன் என்றவளைக் கையோடு இழுத்துக்கொண்டு டீச்சரிடம் போனாள் வேலுத்தாய்.

“டீச்சர், ‘எம்புட்டு உசரம் போகுது’ன்னு இங்கிலீஷ்ல எப்படிச் சொல்லணும்? இவளுக்கு அந்தத் தீ வாக்கியம் வேணாம் டீச்சர்.”

டீச்சர் செல்லத்தாயைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவளை அருகில் அழைத்துத் தலையைத் தடவினார்.

“ஹவ் ஹை இட் கோஸ்! இதுவும் நாலாவது வகைதான்மா. பயம் மட்டுமா உணர்ச்சி? ஆச்சரியமும்தான்.”

அன்றிலிருந்து இருவரும் போகும்போதும் வரும்போதும் அதையே சொன்னார்கள். வழியில் மேய்ந்த ஆடுகள் முதலில் மிரண்டன. பிறகு பழகிக்கொண்டன.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். தடித்த கண்ணாடி, கனத்த குரல். மூன்று வகை வாக்கியங்களையும் கேட்டார். பிள்ளைகள் பட்டுப் பட்டென்று சொன்னார்கள். அடுத்து, புத்தகத்தைக் கண்ணருகே பிடித்து மூச்சை இழுத்தார்.

“ஃப…”

“வேணாம் சார்!” வேலுத்தாய் எழுந்து நின்றாள். டீச்சரின் முகம் வெளிறியது.

“ஏன் வேண்டாம்?”

“இங்கன அந்த வார்த்தையச் சத்தமாச் சொன்னா நாங்க எல்லாரும் ஓடிருவோம் சார். அப்புறம் யார்ட்டக் கேள்வி கேப்பீக?”

இன்ஸ்பெக்டரின் உதட்டோரம் துடித்தது. “அப்போ நாலாவது வகைக்கு நான் என்ன செய்ய?”

“செல்லத்தாய் வேற சொல்லுவா சார்.”

செல்லத்தாய் எழுந்தாள். மாரியம்மனை வேண்டிக்கொண்டு, வேலுத்தாய் அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

“ஹவ் ஹை இட் கோஸ்!”

அந்தக் குரல் கூரை ஓட்டில் போய் முட்டியது.

“அடடே! எதும்மா அவ்வளவு உயரம் போகுது?”

“எங்கப்பா செஞ்ச புஸ்வாணம் சார்!”

முதலில் கைதட்டியது இன்ஸ்பெக்டர்தான். ஞானஜோதி டீச்சர் கைதட்டவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்த ரத்தினசாமியிடம், நடந்ததை இருவரும் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். அவர் தழும்புக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு மகள் முன் உட்கார்ந்தார்.

“என் புஸ்வாணத்தப் பத்தியா? இங்கிலீஷ்லயா? இன்னொருக்கச் சொல்லு, தாயீ.”

செல்லத்தாய் சொன்னாள்.

“அடேயப்பா!” என்றார் அவர்.

வேலுத்தாய் துள்ளிக் குதித்தாள். “மாமா, இப்ப நீங்க சொன்னீகளே, அதுவும் நாலாவது வகைதான்!”