மூன்று துடுப்பு பொறு

போன வருடம்வரை எங்கள் பள்ளிப் படகின் சுக்கான் இருக்கை என்னுடையது. துடுப்புப் போடும் நால்வரும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் முன்னே போவார்கள். போகிற வழியைப் பார்ப்பது சுக்கான் கயிற்றைப் பிடித்திருப்பவர் மட்டும்தான். அவர் வைத்ததுதான் சட்டம். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

பிறகு நான் மளமளவென்று வளர்ந்து தொலைத்தேன்.

"கொக்கு, இனிமே நீ துடுப்பு போடு. அந்த இடத்துக்கு எடை கம்மியா ஒரு ஆள் வேணும்" என்றார் மாஸ்டர்.

வந்த ஆள் யார் தெரியுமா? என் தங்கை கடுகு!

என் செருப்பு, என் சைக்கிள், என் மழைக்கோட்டு எல்லாம் எனக்குச் சிறிதானதும் அவளுக்குப் போகும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இப்போது என் இருக்கையும் என் நீலத் தொப்பியுமா? எனக்கு வயிறு எரிந்தது.

இதில் கொடுமை, நான் அவளுக்கு நேர் எதிரே உட்கார வேண்டும். தொப்பி கண்வரை இறங்க, மூக்கைத் தூக்கிக்கொண்டு எனக்கே உத்தரவு போடுவாள். தொப்பியின் வாரை இறுக்கினால் சரியாகிவிடும். நான் ஏன் இறுக்க வேண்டும்?

ஆனால் படகு நேராகப் போகவில்லை. அது தண்ணீரில் விட்டுச்சென்ற தடம் பாம்பு போல நெளிந்தது.

"அக்கா, ஏன் இது இப்படி வளைஞ்சு வளைஞ்சு போகுது?"

"எனக்கென்ன தெரியும்?"

பொய். எனக்கு நன்றாகத் தெரியும். படகுக்குக் காது கொஞ்சம் மந்தம். கயிற்றை இழுத்தால் உடனே திரும்பாது. மூன்று துடுப்பு போட்ட பிறகுதான் திரும்பும். கடுகு அதுவரை பொறுக்காமல் மறுபடி இழுப்பாள். படகு அளவுக்குமேல் திரும்பிவிடும். பதறிப்போய் அடுத்த பக்கம் இழுப்பாள். போன வருடம் நானும் இதைத்தான் செய்தேன். கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. அவளும் கண்டுபிடிக்கட்டுமே!

"நீயே அங்க உக்காந்திருக்கலாம்டி" என்று எனக்குப் பின்னாலிருந்தவள் முணுமுணுத்தாள். உள்ளுக்குள் சர்க்கரையாக இனித்தது.

போட்டி நாள் வந்தது. வழியில் ஒரு பாலம். அதன் நடு வளைவுக்குள் புகுந்து போக வேண்டும். தூணில் உரசினால் படகு போட்டியிலிருந்து வெளியே.

பாலம் என் கண்ணுக்குத் தெரியாது. கடுகின் முகம்தான் தெரிந்தது. அது வெளுத்துக்கொண்டே வந்தது. நீர்த்தடம் இடமும் வலமும் நெளிந்தது. தொப்பி சரிய, கயிற்றை மாறி மாறி இழுத்தாள்.

"அக்கா..." என்றாள்.

போன வருடம் இதே பாலத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் தவித்தேன். எனக்குச் சொல்லித்தர எதிரே யாரும் இல்லை.

"நடு வளைவு எந்தப் பக்கம்?" என்று மூச்சிரைக்கக் கேட்டேன்.

"வலது!"

"வலது கயிறு. ஒரு விரல் அளவுதான். இழுத்தியா? இப்போ விட்டுடு. மூணு துடுப்பு பொறு."

"திரும்பவே இல்லையே!"

"பொறுடி! ஒண்ணு... ரெண்டு... மூணு..."

சில்லென்று பாலத்தின் நிழல் எங்கள் மேல் விழுந்தது. அடுத்த நொடி வெயில். தூண் தள்ளி நின்றது. கடுகின் மூக்கு மறுபடி மேலே போனது.

"இழு! இழு! என்ன தூக்கமா?" என்று கத்தினாள்.

இரண்டாவதாக வந்தோம்.

கரையில் கடுகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உனக்கு முன்னாடியே தெரியும்தானே?"

எனக்கு முகம் சுட்டது. "ம். தெரியும். மாஸ்டர்கிட்ட சொல்லப் போறியா?"

"இல்ல. நீயும் நம்ம படகு மாதிரிதான். திரும்ப கொஞ்சம் நேரமாகும்."

அவள் தலையிலிருந்த தொப்பியைப் பிடுங்கினேன். வாரை இரண்டு துளை இறுக்கி, மறுபடி அவள் தலையிலேயே அழுத்தி வைத்தேன்.

கச்சிதமாகப் பொருந்தியது. என்னைவிட அவளுக்குத்தான் அழகாக இருந்தது. அதில் மட்டும் எனக்கு இன்னும் கொஞ்சம் பொறாமை உண்டு.