ஆறாவது டயர்

"ஐயோ... கொலை!"

மலாயாவின் கிள்ளான். 1944, ஜப்பான்காரன் ஆட்சி. காலை ஏழு மணி.

அலறியவர் காவலாளி கன்னையா. செத்துக் கிடந்தது... ஒரு லோரி!

பெட்ரோல் இல்லாமல் இரண்டு வருடமாக வெட்டவெளியில் நின்ற ராணுவ லோரி. ஐந்து டயர்களின் விலாவில் நூற்றுக்கணக்கான கீறல்கள்! ஆறாவது மட்டும் வழவழ.

ஜப்பான் கேப்டன் வந்தார். போருக்கு முன் இதே கிள்ளானில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். தமிழில் நம்மைவிடச் சுத்தமாகத் திட்டுவார்.

"யாருடா கத்தி போட்டது?"

"தெரியாது துரை! என் கத்தி மரவள்ளிக்கிழங்கையே வெட்டாது!"

"நீ எங்க சாஞ்சு தூங்குவே?"

கன்னையா ஆறாவது டயரைக் காட்டினார். காட்டிய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"உன் தலையணைய மட்டும் விட்டுட்டே... மண்டி போடு!"

வாள் உருவப்பட்டது.

ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி ஜெயராஜ், முன்பு ரப்பர் ஆலையில் இருந்தவன், தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி... படிச்சவன் நீ. ஏதாச்சும் சொல்லுலா!"

வாள் உயர்ந்தது... ஜெயராஜ் முன்னால் பாய்ந்தான்.

"நிறுத்துங்க! கத்தி இல்ல துரை... காத்து!"

"காத்தா?"

"காத்துல ஓசோன்னு ஒரு வாயு. பாரம் தாங்கி இழுபட்டு நிக்கிற ரப்பர கீறல் கீறலா வெடிக்க வச்சிடும். மெழுகு பூசினா அண்டாது. மாசா மாசம் பூசத்தான் எங்கிட்ட ஒரு பீப்பா மெழுகு குடுத்தீங்க."

"பூசினியா?"

"...ஒரு டயருக்கு. மனசு உறுத்தக்கூடாதுன்னு."

கன்னையா மண்டியிட்டபடியே திரும்பினார்.

"அடப்பாவி! அதான் என் சட்டை முதுகெல்லாம் பிசுக்கா?"

"மன்னிச்சிடுங்கண்ணே... உங்க தலை போகப்போகுதுன்னு தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு நின்னேன்."

"மிச்ச மெழுகு எங்கடா?" கேப்டன் உறுமினார்.

ஜெயராஜ் நிமிரவில்லை.

"உருக்கி மெழுகுவர்த்தி ஊத்தினேன். வர்த்திக்கு ஒரு டின் ராணுவ அரிசி. பிள்ளைங்க கிழங்கு தின்னே வீங்கிப்போச்சுங்க..."

வாள் அவன் பக்கம் திரும்பியது.

"ராணுவ அரிசியக் குடுத்த திருட்டுப்பய எவன்? பேரைச் சொல்லு!"

"நீங்கதான் துரை... வர்த்திய உங்களுக்குத்தான் வித்தேன். பாசார்ல வாங்கினதுன்னு பொய் சொன்னேன்."

கேப்டனின் முகம் கறுத்தது. நாலாவது முயற்சியில்தான் வாளுக்கு உறையின் வாய் அகப்பட்டது.

கன்னையா எழுந்தார். முழங்கால் மண்ணைத் தட்டினார். ஜெயராஜைப் பார்க்காமலே நடந்தார். வாளே தேவலாம் போலிருந்தது ஜெயராஜுக்கு.

அன்று மாலை கேப்டன் கடைசி மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து மேலிடத்துக்கு அறிக்கை எழுதினார்:

'குற்றவாளி: காற்று. தலைமறைவு. தேடி வருகிறோம்!'