பதினைந்து கட்டங்கள்

மழைச்சாரல் அடித்ததும் பஸ் ஜன்னலை அந்த இளைஞன் படாரென்று இறக்கினான். பக்கத்து இருக்கையில் தமிழ்ச்செல்வியின் மடியிலிருந்த காகிதம் பறந்து கீழே விழுந்தது.

"பார்த்து இறக்க மாட்டீங்களா?"

"சாரி மேடம்..." எடுத்தவன், கறுப்பும் வெள்ளையுமாக அவள் வரைந்த கட்டங்களையே பார்த்தான். "இன்னா மேடம், டைல்ஸ் டிசைனா?"

அப்பப்பா, அவனுக்குத்தான் என்ன கண்கள்! மழையில் கழுவி வைத்தது போல... அவள் கோபம் பாதி இறங்கிவிட்டது.

"எலக்ட்ரான்ங்க. ஒண்ணுக்கொண்ணு ஆகாது. கறுப்புல ஒண்ணு உட்கார்ந்தா பக்கத்து வெள்ளை காலியா இருக்கணும், ஒண்ணு விட்டு ஒண்ணு. கம்ப்யூட்டர்ல மூணு மாசமா அப்படி உட்காரவே மாட்டேங்குது. நாளைக்கு மாமல்லபுரத்துல கருத்தரங்கு... மானம் போகப் போகுது."

"எத்தினி கட்டம்?"

"வரிசைக்குப் பதினஞ்சு. கடைசிக் கட்டம் சுத்தி வந்து முதல் கட்டத்தைத் தொடும்."

"அப்புறம் எப்டி உக்காரும்? தூணைச் சுத்தி நானு டைல்ஸ் ஒட்டுறப்போ ஒத்தப்படை வந்தா, கடைசில ரெண்டு கறுப்பு முட்டிக்கும். பதினாலு போடுங்க."

சுருக்கென்றது. டாக்டர் பட்ட ஆராய்ச்சியை டைல்ஸ் ஒட்டுகிறவன் திருத்துவதா?

"இது தூண் இல்லை, குவாண்டம்!" வெடுக்கென்று காகிதத்தைப் பிடுங்கினாள். அவன் முகம் வாடிப்போனது. திருக்கழுக்குன்றம் தாண்டி மாமல்லபுரத்தில் இறங்கியதும், கடற்கரைச் சாலைப் பக்கம் நடந்துவிட்டான்.

அறைக்குப் போனதும், மனசு கேட்காமல் பதினாலு என்று மாற்றினாள். கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை... எலக்ட்ரான்கள் சமத்தாக உட்கார்ந்துவிட்டன! அழுதேவிட்டாள். ஐயோ, பேர்கூடக் கேட்கவில்லையே!

மறுநாள் கருத்தரங்கில் பேசி முடித்ததும், சாப்பிடக்கூடப் போகாமல், மழையில் கடற்கரைச் சாலையில் கட்டடம் கட்டுகிற இடமெல்லாம் தேடினாள். நான்காவது இடத்தில், ஒரு தூணடியில் மண்டியிட்டிருந்தான்.

"உங்க பேரு?"

"பெஞ்சமின். இன்னா மேடம் இங்க?"

"பேர் தெரியாம, 'பஸ்ல வந்த டைல்ஸ் மேஸ்திரிக்கு நன்றி'ன்னு மேடையில சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. நேத்து திமிராப் பேசிட்டேன்... மன்னிச்சிடுங்க."

அவன் கண் கலங்கியது. "பத்து வருசமா தரை போட்டுகினு கீறேன். யாரும் ஒரு தேங்க்ஸ் சொன்னதில்ல. இத்த சொல்லவா மழையில வந்தீங்க?"

"நன்றியைத்தான் மேடையிலேயே சொல்லிட்டேனே..." தலை குனிந்தாள். "உங்களைப் பிடிச்சிருக்கு பெஞ்சமின். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

"எனக்குந்தான்... கை பூரா சிமெண்டு. இல்லாட்டி கையப் புடிச்சிருப்பேன்."

அவளே பிடித்துக்கொண்டாள்.