கண்ணாடிக்குள் பச்சை நாடு

அப்பாவின் சலூன் மிகவும் சின்னது. முன் சுவரில் நீளமான கண்ணாடி. அதன் எதிரே இரண்டு சுழல் நாற்காலிகள். பின் சுவரை ஒட்டி, காத்திருப்பவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. பவுடர், சோப்பு நுரை, ஈரத் துண்டு, சிகரெட் புகை எல்லாம் கலந்து அங்கே ஒரு வாசனை அடிக்கும். அந்த வாசனையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பத்து வயதாகிவிடும்.

புகையில் பெரும்பங்கு அப்பாவுடையது. ஒருவருக்கு முடி வெட்டி முடித்து அடுத்தவர் வந்து உட்காருவதற்குள் வாசலில் போய் ஒன்று பற்ற வைப்பார். காலையில் பல் விளக்கும்போது அவர் இருமுகிற இருமலில் வீடே எழுந்துவிடும். எங்களுக்கு அலாரம் தேவைப்பட்டதே இல்லை. அம்மா சத்தம் போட்டால், முடித்தூசிக்குள்ளேயே நிற்கிறவனுக்கு இருமல் வராமல் வேறு யாருக்கு வரும் என்று கேட்பார்.

நானும் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தேன். அறிவியல் டீச்சர் வகுப்பில் ஆளுக்கொரு வேலை கொடுக்கும்வரை.

உலக நாடுகளை ஒப்பிட்டு ஒரு படம் வரைய வேண்டும் என்பது எனக்கு வந்த வேலை. எந்த நாட்டில் எத்தனை பேர் புகை பிடிக்கிறார்கள், அதனால் வரும் நோய்களில் எத்தனை பேர் இறக்கிறார்கள், சராசரியாக எத்தனை வயது வரை வாழ்கிறார்கள். கணக்கையெல்லாம் டீச்சரே தந்தார். நான் ஒவ்வொரு நாட்டுக்கும் மூன்று கோடுகள் போட்டேன். புகைக்குச் சாம்பல் நிறம், சாவுக்குக் கறுப்பு, ஆயுளுக்கு அந்தந்த நாட்டுக்கென்று ஒரு நிறம். நாடுகளின் பெயர்களைப் படத்தைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். நிறங்கள் மட்டும் நினைவில் இருக்கின்றன.

கறுப்புக் கோடுகளை வரையும்போது என் கை மெதுவானது. சாம்பல் நீளமாக இருந்த இடங்களில் கறுப்பும் நீளமாக இருந்தது. அப்பா செத்துப்போய்விடுவாரோ என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பயந்தேன். பயம் என்றால் அப்படி ஒரு பயம், சோறு இறங்கவில்லை.

பள்ளியில் காட்டி முடித்ததும் படத்தைக் கொண்டுபோய்ச் சலூனில் பெஞ்சுக்கு மேலே ஒட்டினேன். அப்பா பார்க்கட்டும் என்றுதான். ஆனால் அங்கே ஒரு சிக்கல். பெஞ்சில் இருப்பவர்களின் முதுகு படத்தின் பக்கம் இருந்தது. நாற்காலியில் இருப்பவர்களும் அப்பாவும் அதைக் கண்ணாடியில்தான் பார்க்க முடியும். கண்ணாடியிலோ எழுத்தெல்லாம் இடம் வலமாக மாறித் தெரிந்தது. ரேடியோ மாமா தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, இது எந்த ஊர் பாஷை என்று கேட்டார். அவர் லாரி ஓட்டுபவர். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார் என்பதால் அந்தப் பெயர்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வீட்டுக்குப் போய்ப் படத்தைத் திருப்பி ஜன்னல் கண்ணாடியில் வைத்து, வெளிச்சத்தில் தெரிந்த எழுத்துகளையும் நிறக் கோடுகளையும் அப்படியே பின்பக்கத்தில் வரைந்தேன். அந்தப் பக்கம் தெரியும்படி மறுநாள் ஒட்டியபோது, கண்ணாடிக்குள் எல்லாம் நேராக நின்றது. இனி அப்பா தப்பிக்க முடியாது. நாள் முழுக்க அவர் முகம் அந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தானே இருக்கும்.

ஆனால் தப்பிக்க வழி சொன்னார் ரேடியோ மாமா. கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே பச்சை நாட்டைக் கண்டுபிடித்துவிட்டார். அங்கே சாம்பல் கோடு நீளம். பச்சைக் கோடோ எல்லா நாடுகளையும்விட நீளம்.

"பார்த்தியா மாஸ்டர்? இவங்க ஊதித் தள்ளுறாங்க. ஆனா எல்லாரையும்விட அதிக நாள் வாழுறாங்க. நம்ம பாப்பாவே வரைஞ்சிருக்கு."

அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அன்றைக்கு ஒன்றுக்கு இரண்டாகப் பற்ற வைத்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன.

சலூனில் கத்தரிக்கோலுக்கா பஞ்சம்? கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டு பெஞ்சின் மேல் ஏறினேன். பச்சை நாட்டை வெட்டி எடுத்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் கை வரவில்லை. வழுக்கையை மறைக்கப் பக்கத்து முடியை இழுத்துச் சீவிக்கொண்டு வருகிறவர்களை நான் தினமும் பார்க்கிறவள். எல்லோருடைய கண்ணும் முதலில் அங்கேதான் போகும். கத்தரிக்கோலை வைத்துவிட்டு இறங்கினேன்.

மறுநாள் டீச்சரை விடவில்லை. பச்சை நாடு ஏன் அப்படி என்று துளைத்தெடுத்தேன். டீச்சர் இரண்டு புத்தகங்களைக் கையில் கொடுத்து, நீயே தேடு என்று சொல்லிவிட்டார். தேடினேன்.

ஞாயிற்றுக்கிழமை சலூன் நிரம்பி வழிந்தது. ரேடியோ மாமா பெஞ்சில் புகை விட்டபடி, புதிதாக வந்த ஒருவருக்குப் பச்சை நாட்டின் பெருமையை ஒலிபரப்பிக்கொண்டிருந்தார். நான் கண்ணாடிக்கு அருகில் போய் நின்றேன்.

பச்சை நாட்டில் நல்ல தண்ணீர் கிடைக்கிறது, நல்ல சாப்பாடு கிடைக்கிறது, கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது, அதனால்தான் ஆயுள் நீளம் என்று சொன்னேன். புகையின் நோய் உடனே வராது, பல வருடம் கழித்துத்தான் வரும் என்றும் சொன்னேன். அங்கேயும் புகை பிடிப்பவர்கள் பிடிக்காதவர்களுக்கு முன்னால் போய்விடுகிறார்கள். எல்லோரும் பச்சைக் கோட்டைப் பார்த்தார்களே தவிர, பக்கத்தில் வளர்ந்து நிற்கிற கறுப்புக் கோட்டை யாரும் பார்க்கவில்லை.

ரேடியோ மாமா விடுவாரா? "இருக்கட்டும்மா. சராசரின்னு பார்த்தா அவங்கதானே ஜெயிக்கிறாங்க?"

நான் அவரைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தேன்.

"சராசரி நாட்டுக்குத்தான் மாமா. எங்க அப்பா நாடு இல்லையே. எனக்கு இருக்கிறது ஒரே ஒரு அப்பா."

அப்பாவின் கையில் கத்தரிக்கோல் நின்றது. நாற்காலியில் இருந்தவர் என்ன ஆச்சு என்று திரும்ப முயன்றார். அவர் தலையை மெல்ல நேராக்கிவிட்டு அப்பா மறுபடி வெட்ட ஆரம்பித்தார். கண்கள் மட்டும் கலங்கியிருந்தன.

அன்று மாலை வரை அவர் வாசலுக்குப் போகவே இல்லை. ரேடியோ மாமா தானாகவே வெளியே போய் சிகரெட்டை அணைத்துவிட்டு வந்தார். பேசாமல் வேறு உட்கார்ந்திருந்தார்.

அப்பா அன்றோடு விட்டுவிட்டார் என்று சொன்னால் அது புளுகு. படாத பாடு பட்டார். எரிந்து விழுந்தார். மிட்டாயாகத் தின்று தீர்த்தார். இரண்டு முறை தோற்று, மறுபடி ஆரம்பித்தார். ஒருநாள் கை நடுங்கி, ரேடியோ மாமாவின் மீசை ஒரு பக்கம் குட்டையாகிவிட்டது. அதுதான் பச்சை நாட்டு ஸ்டைல் என்று அப்பா சமாளித்தார். மாமாவும் அதை நம்பிக்கொண்டு தெருவில் நடந்தார். எப்படியோ, நான் அடுத்த வகுப்புக்குப் போன பிறகு ஒரு காலையில் வீடு நேரம் கழித்து விழித்தது. எழுப்ப இருமல் சத்தம் இல்லை. அன்று பள்ளிக்குத் தாமதமாகப் போய் வாங்கிய திட்டு எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா!

இப்போது எனக்கே பள்ளிக்குப் போகிற மகன் இருக்கிறான். அப்பா சலூனை மூடி வெகுநாள் ஆகிறது. பிறந்தநாள் வந்தால் மட்டும் விடிந்ததும் போன் செய்துவிடுவார்.

"இந்த வருஷம் எந்த நாட்டுச் சராசரியைத் தாண்டியிருக்கேன்னு பார்த்துச் சொல்லும்மா."

பழைய படத்தை எடுத்து வைத்துக்கொண்டு புதிய கணக்குகளைத் தேடிப் பார்த்துச் சொல்லுவேன். நீலம் எப்போதோ போனது. ஆரஞ்சும் சிவப்பும் போயின. போன வாரப் பிறந்தநாளுக்கு மஞ்சளும் போனது.

"பச்சை மட்டும்தான்பா பாக்கி," என்றேன்.

அப்பா சிரித்தார். நடுவில் ஓர் இருமல்கூட இல்லாத சிரிப்பு.

"அதையும் ஒரு கை பார்த்துடுவோம்," என்றார்.